புகைபோக்கும் குழாய்

குளிர் மிகுந்த நாடுகளில் வெந்நீர் இன்பப் பொருள் அன்று; அன்றாடத் தேவை. வட அமெரிக்காவில் பனிக்காலத்தில் குழாயில் வரும் தண்ணீர் கையை விறைக்கச் செய்யும். ஆதலின் அந்நாட்டு இல்லங்களில் வெந்நீர்க்கலம் இன்றியமையாதது. எரிவாயுவால் சூடேறும் கலம் பெரும்பாலும் நிலவறையின் ஒரு மூலையில் நிற்கும். உயர்ந்த உருளை வடிவம்; அடியில் ஓர் எரிவாயு அடுப்பு; கலத்தின் நடுவே, அடியிலிருந்து உச்சிவரை ஊடுருவிச் செல்லும் ஒரு தூம்பு. அடுப்பில் எழும் அனல் அத்தூம்பின் வழியே ஏறி, சுற்றியுள்ள நீரைச் சூடாக்கி, உச்சியில் வெளிப்படும். அவ்வாறு வெளிப்படுவதைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடுவதற்கு ஒரு தகட்டுக் குழாய் உண்டு. கலத்தை வாங்குவோர் அதன் விலையைக் கேட்பர். அது எத்தனை கேலன் நீர் கொள்ளும் என்று கேட்பர். தகட்டுக் குழாயின் அளவைப் பற்றி வினவுவோர் அரியர். ஆயினும் அவ்வீட்டில் உறங்குவோரின் உயிர் அக்குழாயைச் சார்ந்தே நிற்கிறது.

அக்குழாய் எதனைச் சுமந்து செல்கிறது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன் ஆகும். ஒரு கன அடி மீத்தேன் முற்றும் எரிவதற்கு ஏறக்குறையப் பத்துக் கன அடிக் காற்று வேண்டும். எரிந்தபின் ஒரு கன அடிக் கரியமில வாயுவும், இரண்டு கன அடி நீராவியும், காற்றில் முன்னரே இருந்த நைட்ரஜனும் வெளிப்படும். ஒரு பவுண்டு நீரின் வெப்பநிலையை ஒரு பாரன்ஹீட் டிகிரி உயர்த்தும் வெப்பத்தைப் பிரிட்டிஷ் வெப்ப அலகு என்பர். மணிக்கு 40,000 அலகு வெப்பம் தரும் அடுப்பே இல்லங்களில் பெரிதும் காணப்படுவது. அத்தகைய அடுப்பு ஒரு மணி நேரம் எரிந்தால் 40 கன அடி எரிவாயு செலவாகும். ஒன்றரை லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர் ஆவியாகிக் குழாயில் ஏறும். நெருப்பு எரிகையில் தண்ணீர் பிறக்கின்றது என்பது கேட்போர்க்கு வியப்பளிக்கலாம். எனினும் அது உண்மை. குழாயின் அளவைத் தேரும்போது இவ்வுண்மையை மறத்தல் ஆகாது.

மேற்கூறிய வாயுக்களுள் எதுவும் சிறிதளவில் உயிருக்கு உடனே கேடு விளைப்பதன்று. ஆனால், எரிவதற்கு வேண்டிய பிராணவாயு குறையுமாயின் நிலைமை வேறாகும். குழாயில் ஏறவேண்டிய ஆவி அறைக்குள்ளேயே திரும்பினால், அடுப்பு அதனையே மீண்டும் உள்ளிழுக்கும். அப்போது எரிதல் குறைபட்டு, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பிறக்கும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணையோ தொண்டையையோ அது உறுத்துவதும் இல்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாக இந்நஞ்சைப் பற்றிக்கொள்ளும். ஆகவே மூச்சு இயங்கிக்கொண்டே இருந்தும் உடல் பிராணவாயு பெறாது தவிக்கும். முதலில் தலைவலி, பின்னர் மயக்கம், பின்னர் எழுந்து கதவைத் திறக்கும் ஆற்றலும் போய்விடும். ஸ்காட்லாந்தில் பிறந்த உடலியல் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேன் 1895ஆம் ஆண்டில் இவ்வாயுவைத் தாமே சுவாசித்து, தம் குருதியைச் சோதித்து, அதன் இயல்பை அறிந்து எழுதினார். சுரங்க விபத்துகளில் மாண்டோர் பலர் தீயால் அன்றி இந்நஞ்சாலேயே மாண்டனர் என்பதை அடுத்த ஆண்டே அவர் அரசினர்க்கு விளக்கினார். துணிவு என்பது போர்க்களத்தில் மட்டும் காணப்படுவதன்று.

இத்தகைய ஆபத்து வெந்நீர்க்கலத்தில் உண்டு என்பதைத் தொடக்கத்தில் பலரும் உணரவில்லை. இலண்டன் மாநகரைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் 1868ஆம் ஆண்டில், ஓடும் நீரை அப்போதைக்கப்போது எரிவாயுவால் சூடாக்கும் கருவி ஒன்றை ஆக்கினார். ஐஸ்லாந்து நாட்டில் நிலத்தினின்று பீறிட்டெழும் வெந்நீர் ஊற்றின் பெயரை நினைந்து அதற்குக் 'கீசர்' என்று பெயரிட்டார். அக்கருவி குளியலறையின் உள்ளேயே வைக்கப்பட்டது. ஆனால் ஆவியை வெளியே கொண்டுசெல்லும் குழாய் அதற்கு இல்லை! பின்னர், நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பணியாற்றிய எட்வின் ரூட் என்னும் பொறியாளர் 1889ஆம் ஆண்டில், நீரைச் சேமித்து வைத்துத் தானாகவே சூடேற்றும் கலத்தை ஆக்கினார். மாகன் இட்ட பெயர் கடல் கடந்து இந்தியாவுக்கும் வந்தது. தமிழ்நாட்டில் மின்சாரத்தால் இயங்கும் கலத்தையும் மக்கள் 'கீசர்' என்றே வழங்குகின்றனர். மின்கலத்துக்குப் புகைக்குழாய் வேண்டுவதில்லை. சமையல் எரிவாயுவால் இயங்கும் கீசரோ அவ்வாறன்று. காற்றோட்டமற்ற சிறு குளியலறையில் அதனைப் பொருத்தி, கதவடைத்து நீராடியோர் உயிரிழந்த செய்திகளை இந்திய நாளிதழ்கள் பலமுறை வெளியிட்டுள்ளன.

இனி, ஆவி குழாயில் ஏறுவது எவ்வாறு என்பதைக் காண்போம். பழைய முறையில் அமைந்த வெந்நீர்க்கலத்தில் ஆவியைத் தள்ளுவதற்கு விசிறியோ பிற பொறியோ இல்லை. வெப்பமான காற்று விரிந்து கனம் குறையும். குளிர்ந்த காற்று கனமுடையது. குழாயினுள் இருக்கும் கனம் குறைந்த ஆவியை வெளியிலுள்ள கனமான காற்று கீழிருந்து உந்தி மேலே ஏற்றுகிறது. தராசின் ஒரு தட்டு தாழ்ந்தால் மறுதட்டு உயர்வது போன்றதே இது. குழாய் உயர உயர உந்துவிசை மிகும். ஆவியின் வெப்பம் மிகுந்தாலும் அது மிகும். 20 அடி உயரமுள்ள குழாயில் ஆவி 120 டிகிரி செல்சியசிலும், வெளிக்காற்று 10 டிகிரியிலும் இருப்பதாகக் கொள்வோம். அப்போது எழும் உந்துவிசை, இரண்டு மில்லிமீட்டர் உயரமுள்ள நீர் தரும் அழுத்தத்தை ஒத்ததே ஆகும். பானம் பருகும் உறிஞ்சுகுழலில் ஒரு குழந்தை உறிஞ்சும் விசையும் இதனினும் பன்மடங்கு பெரிது. இத்துணை மெல்லிய விசையை நம்பியே ஒரு குடும்பம் உறங்குகிறது. ஆதலின் குழாயின் அளவில் நேரும் சிறு பிழையும் அவ்விசையை அடக்கிவிடும்.

குழாய் சிறுத்திருந்தால் தீங்கு விளையும் என்பது எளிதில் விளங்கும். மூன்று அங்குல விட்டமுள்ள குழாயின் குறுக்குப் பரப்பு ஏழு சதுர அங்குலம். நான்கு அங்குலக் குழாயினது பன்னிரண்டரைச் சதுர அங்குலம். விட்டத்தில் ஓர் அங்குலமே குறைந்ததாயினும் வழி ஏறக்குறையப் பாதியாய்ச் சுருங்கிவிடுகிறது. கலத்தின் உச்சிக்கும் குழாயின் அடிக்கும் இடையே, கவிழ்த்து வைத்த புனல் போன்ற கவிகை ஒன்று உண்டு. அதன் விளிம்பைச் சுற்றி இடைவெளி இருக்கும். அறைக்காற்று அவ்விடைவெளி வழியே நுழைந்து ஆவியுடன் கலந்து மேலே செல்லும். குழாய் ஆவியை ஏற்க இயலாதபோது, அதே இடைவெளி வழியே ஆவி அறைக்குள் வழியும். வாசலில் நெருக்கடி மிகுந்தால் கூட்டம் பின்னோக்கித் திரும்புவதை இதற்கு ஒப்பிடலாம்.

அங்ஙனமாயின், இயன்ற அளவு பெரிய குழாயை வைத்துவிட்டால் கவலை ஒழியுமன்றோ என்று பலர் எண்ணுவர். அமெரிக்க இல்லங்களில் நேரும் பிழைகளுள் சில இவ்வெண்ணத்திலிருந்தே பிறப்பவை.

பெரிய வழி நல்ல வழி என்னும் கருத்தை முதன்முதல் அசைத்தவர்களுள் ஒருவர் ரம்போர்டு பிரபு. அவருடைய இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் நிலத்தில் 1753ஆம் ஆண்டு பிறந்த இவர், பின்னர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அக்காலத்து இலண்டன் வீடுகளில் கணப்படுப்பின் கழுத்துப்பகுதி, துடைக்கும் சிறுவன் உள்ளே நுழைந்து ஏறும் அளவுக்கு அகன்று கிடந்தது. ஆயினும் அறைகளில் புகை சூழ்ந்தே இருந்தது. அகன்ற கழுத்தின் வழியே அறையின் குளிர்காற்று பெருமளவில் நுழைந்து புகையைக் குளிர்விக்கிறது என்பதைத் தாம்சன் கண்டார். அக்கழுத்தை நான்கு அங்குலமாகச் சுருக்கினார். புகை நின்றது! இம்முறையை விளக்கி 1796ஆம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். இலண்டனில் பல வீடுகளின் அடுப்புகள் அவ்வாறே திருத்தப்பட்டன. துடைக்கும் சிறுவன் நுழைவதற்கு எடுத்து மாட்டத்தக்க ஒரு கல்லையும் அவர் அமைக்கச் சொன்னார் என்பது சுவையான செய்தி.

கணப்படுப்பு வேறு, வெந்நீர்க்கலம் வேறு. எனினும் இரண்டிலும் செயற்படும் விதி ஒன்றே. சிறிய அடுப்பிலிருந்து எழும் ஆவி மிகப் பெரிய குழாயில் நுழையுமானால், அது விரைந்து ஏறாது. மெல்ல ஊர்ந்து செல்லும். ஊர்ந்து செல்கையில் அகன்ற சுவர்களுக்குத் தன் வெப்பத்தை இழக்கும். வெப்பம் குறைந்தால் உந்துவிசை குறையும். உந்துவிசை குறைந்தால் இயக்கம் மேலும் தளரும். ஆவி 50 டிகிரி செல்சியசை ஒட்டிய நிலைக்குக் குளிர்ந்ததும், முன்னர்க் கூறிய நீராவி நீர்த்துளியாக மாறத் தொடங்கும். கரியமில வாயு கலந்த அந்நீர் அமிலத் தன்மை உடையது. தகட்டுக் குழாயை அது துருப்பிடிக்கச் செய்யும்; செங்கற் புகைபோக்கியாயின் கற்களுக்கு இடையேயுள்ள சாந்தை அரித்து உதிர்க்கும். உதிர்ந்த கற்கள் அடியில் விழுந்து வழியை அடைத்தலும் உண்டு. பெரிய குழாய் இவ்வாறு நாளடைவில் அடைபட்ட குழாயாகவே முடிகிறது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு, அமெரிக்கத் தொழிலாளர் 'அனாதைக் கலம்' என்று குறிப்பிடும் வெந்நீர்க்கலம். பழைய வீடுகளில் அறைகளைச் சூடேற்றும் பேருலையும் வெந்நீர்க்கலமும் ஒரே செங்கற் புகைபோக்கியைப் பயன்படுத்தின. உலையின் மிகுந்த வெப்பத்தால் புகைபோக்கி குளிர்காலம் முழுதும் சூடாகவே இருக்கும். அச்சூட்டில் வெந்நீர்க்கலத்தின் ஆவியும் இடரின்றி மேலேறும். 1980ஆம் ஆண்டுகளில் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும் புதுவகை உலைகள் பரவின. அவற்றின் ஆவி மிகக் குளிர்ந்திருப்பதால், விசிறியின் துணைகொண்டு சுவரைத் துளைத்த பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியேற்றப்படுகிறது. உலை பிரிந்துபோயிற்று, வெந்நீர்க்கலம் மட்டும் அப்பெரிய புகைபோக்கியில் தனியே நின்றது. எரிபொருளைச் சேமித்த மகிழ்ச்சியில் வீட்டார் இதனைக் கருதுவதில்லை. மறுபனிக்காலத்தில் புகைபோக்கியின் சுவரில் ஈரம் படரும். நிலவறையில் ஆவி தேங்கும்.

இக்காரணத்தால் அமெரிக்கத் தேசிய எரிவாயு விதித்தொகுப்பு ஒரு மேல் எல்லையையும் வகுத்துள்ளது. கவிகையுடன் கூடிய ஒற்றைக் கலத்துக்கு அமையும் புகைபோக்கியின் பரப்பு, கவிகையின் வாயைவிடக் குறைதல் கூடாது. அதன் ஏழு மடங்கை மிஞ்சுதலும் கூடாது. மூன்று அங்குல வாய்க்கு ஏழு மடங்கு என்பது ஏறக்குறைய ஐம்பது சதுர அங்குலம். எட்டு அங்குலம் அகலமும் பன்னிரண்டு அங்குலம் நீளமும் உள்ள பழைய புகைபோக்கியின் பரப்போ தொண்ணூற்றாறு சதுர அங்குலம். அங்ஙனமாயின் அப்புகைபோக்கியினுள் தக்க அளவுள்ள உலோகக் குழாய் ஒன்றை உள்ளுறையாக இறக்குதலே முறை. புகைபோக்கியை இடிக்க வேண்டுவதில்லை.

அளவைத் தேர்வதற்குக் கண்மதிப்பு உதவாது. விதித்தொகுப்பில் இதற்கென அட்டவணைகள் உள்ளன. அவற்றைப் பார்ப்பவர் மூன்று செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும்: அடுப்பு ஒரு மணிக்குக் கொள்ளும் வெப்ப அலகு, குழாயின் மொத்த உயரம், குழாய் படுக்கையாகச் செல்லும் நீளம். முதலாவது கலத்தின்மேல் ஒட்டிய தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 40,000 அலகுள்ள கலத்துக்கு இரட்டைச் சுவருடைய குழாயைப் பத்து அடி உயரத்துக்கு வைப்பதாகக் கொள்வோம். படுக்கை நீளம் இரண்டு அடியாயின் மூன்று அங்குலக் குழாய் 42,000 அலகு வரை தாங்கும், ஆகவே போதும். கலம் புகைபோக்கிக்கு அப்பால் வைக்கப்பட்டு, படுக்கை நீளம் பத்து அடியாகுமாயின் அதே குழாய் 36,000 அலகையே தாங்கும். அப்போது நான்கு அங்குலக் குழாய் வேண்டும். அது 70,000 அலகு வரை தாங்கும். கலம் மாறவில்லை, உயரம் மாறவில்லை, கலத்தை எட்டு அடி தள்ளி வைத்ததே குழாயின் அளவை மாற்றிவிட்டது. கலத்தைப் புகைபோக்கிக்கு அருகே வைப்பதே அறிவுடைமை என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

மேற்கூறிய கணக்கில் இரண்டு முழங்கை வளைவுகள் அடங்கும். தொழிலாளர் 'எல்போ' என்று வழங்கும் இவ்வளைவு ஒவ்வொன்று கூடும்போதும் குழாயின் தாங்கும் ஆற்றலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைத்துக்கொள்ளல் வேண்டும். படுக்கைக் குழாய் சமமாகவும் கிடத்தல் ஆகாது. ஒவ்வோர் அடிக்கும் கால் அங்குலம் மேல்நோக்கிச் சரிந்திருத்தல் வேண்டும். கலத்தின் கவிகை வாய் நான்கு அங்குலமாயிருக்க, கையில் அகப்பட்ட மூன்று அங்குலக் குழாயைச் சுருக்கு இணைப்பால் மாட்டிவிடுதலை விதித்தொகுப்பு வெளிப்படையாகத் தடை செய்கிறது. அட்டவணை சிறிய குழாய் போதும் என்று காட்டினும் இத்தடை நீங்காது. குழாயின் சுவரும் கருதத் தக்கது. உள்ளே அலுமினியமும் வெளியே துத்தநாகம் பூசிய எஃகும், இடையே காற்றும் அமைந்த இரட்டைச் சுவர்க்குழாய் வெப்பத்தைக் காக்கும். ஒற்றைத் தகடு விரைவில் குளிர்ந்துவிடும். குளிர்ந்த இடங்களின் ஊடே செல்லுதற்கு அது ஏற்றதன்று.

இரண்டு கலங்கள் ஒரே குழாயில் கூடுமிடத்தும் அட்டவணையே துணை. அட்டவணை தோன்றுமுன் தொழிலாளர் கையாண்ட ஒரு சுருக்க வழி இன்றும் ஏற்கப்படுகிறது. பெரிய வாயின் முழுப்பரப்போடு சிறிய வாயின் பாதிப்பரப்பைக் கூட்டுவர். ஐந்து அங்குல வாயும் நான்கு அங்குல வாயும் கூடினால் ஏறக்குறைய இருபத்தாறு சதுர அங்குலம் வேண்டும். ஆறு அங்குலக் குழாய் இருபத்தெட்டு தரும்.

அளவு பொருந்திய குழாயும் சில வீடுகளில் பயனற்றுப் போவதுண்டு. அமெரிக்கப் பேரறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1785ஆம் ஆண்டில், பிரான்சிலிருந்து தாயகம் திரும்பும் கப்பற் பயணத்தின்போது, தம் நண்பராகிய இங்கன்ஹவுஸ் என்னும் மருத்துவருக்குப் புகைபோக்கிகளைப் பற்றி நெடிய மடல் ஒன்று எழுதினார். புகைபோக்கி புகையை அறைக்குள் விடுவதற்கு ஒன்பது காரணங்களை அதில் வகுத்தார். அவற்றுள் முதலாவது, கதவும் சன்னலும் இடைவெளியின்றி இறுகப் பொருந்திய புதுவீட்டில் காற்று நுழைய வழியில்லாமை. வெளியே செல்லும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தாலன்றிப் புகை ஏறாது என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். வெப்பம் வீணாகாதபடி இடைவெளிகளை அடைத்துக் கட்டும் இக்காலத்து வீடுகளுக்கு அக்கருத்து மிகுதியும் பொருந்தும். அத்துடன், சமையலறையின் புகையை வெளியேற்றும் விசிறியும், துணி உலர்த்தும் பொறியும் வீட்டின் காற்றை வெளியே தள்ளுகின்றன. அவ்விடத்தை நிரப்பக் காற்று எங்கிருந்தேனும் வந்தாக வேண்டும். வேறு வழி இல்லையெனில் அது புகைக்குழாயின் வழியே கீழ்நோக்கி இறங்கும். இரண்டு மில்லிமீட்டர் நீரளவே ஆன உந்துவிசையை ஒரு விசிறி எளிதில் வென்றுவிடும்.

ஆகவே குழாயைப் பொருத்திய தொழிலாளர், வேலை முடிந்ததும் ஒரு சோதனை செய்தல் வேண்டும். வீட்டின் கதவுகளையும் சன்னல்களையும் அடைப்பர்; விசிறிகளையும் உலர்த்தும் பொறியையும் ஒருசேர ஓடவிடுவர்; பின்னர் வெந்நீர்க்கலத்தின் அடுப்பை மூட்டி ஐந்து நிமிடம் காத்திருப்பர். குளிர்ந்த குழாய் சூடேறுவதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். பிறகு எரியும் தீக்குச்சியைக் கவிகையின் இடைவெளி அருகே பிடிப்பர். சுடர் உள்நோக்கிச் சாய்ந்தால் ஆவி முறையாக மேலேறுகிறது என்பது தெளிவு. சுடர் வெளிநோக்கி வளைந்தாலோ அணைந்தாலோ ஆவி அறைக்குள் வழிகிறது. உடனே எரிவாயுவை நிறுத்திவிட்டு, குழாயின் அளவு, நீளம், வளைவு, அடைப்பு, அறைக்குள் காற்று வரும் வழி ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வர். குறை நீங்கி, மறுமுறை மூட்டிய அடுப்பின்மேல் சுடர் உள்நோக்கிச் சாயும்வரை அக்கலத்தை வீட்டாரிடம் ஒப்படைப்பதில்லை.